குழு கலைந்த பிறகு பாட்டு எங்கே போகும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கத்தில் நான் கேள்வி கேட்கிற பக்கம் நிற்பேன். இன்று என்னைப் பதில் சொல்கிற பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். 'நெடுநாள் இயங்கிய இசைக்குழு கலைந்தால், அதில் இருந்த கலைஞன் அடுத்து என்ன செய்வது?' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே ஒரு குழு கலைந்திருக்கிறது.

என் அண்ணன் கிள்ளானில் ஓர் இசைக்குழுவில் 17 ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவர். குழுவின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்ல மாட்டேன். 2002-இல் தொடங்கிய குழு. கல்யாண விருந்து, கோவில் திருவிழா, பள்ளி வாரியத்தின் நிதி திரட்டும் விருந்து என்று சனி ஞாயிறு இரண்டு நாளும் வேலை இருக்கும். எட்டுப் பேர், ஒரு வேன். நான் படிவம் ஐந்து முடித்த காலத்தில் அறிவிப்பாளர் வராத ஓர் இரவு, என் கையில் மைக்கைக் கொடுத்து, "நீயே பேசும்மா" என்றார் அண்ணன். மக்கள் தொடர்பியல் டிப்ளோமாவில் எனக்குப் பலவற்றைக் கற்றுக் கொடுத்தார்கள். ஆனால் மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும், கூட்டம் சாப்பாட்டில் கவனமாக இருக்கும்போது எப்படிப் பேச வேண்டும் என்பதை அந்தக் குழுவின் மேடையில்தான் கற்றேன்.

2019 கடைசியில் அந்தக் குழு கலைந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. குழுவின் பெயரைச் சொல்லிப் பாடகர் ஒரு நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்டு, வேறு வாத்தியக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்கு, "என் குரலைத்தானே கூப்பிட்டார்கள்" என்றார். அண்ணன், "பெயர் எட்டுப் பேருடையது" என்றார். இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகப் போனில் பேசினார்கள். இருவருக்கும் நான் "ம்... ம்..." என்று மட்டும் சொன்னேன். அதற்காக இன்றும் என் மேல் எனக்கே கோபம் உண்டு. பிறகு 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, மேடைகளே இல்லாமல் போயின. அண்ணன் கீபோர்டைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அண்ணனின் கதையை இங்கே நிறுத்துகிறேன். இப்படி ஒரு நிலைமைக்கு உலகத்தில் முன்மாதிரி உண்டா என்று தேடினேன். தேடித் தேடி, உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட குழுவிடம் போய்ச் சேர்ந்தேன்.

27 வயதில் ஓய்வு பெற்றவர் மாதிரி

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்து இளைஞர்கள் நான்கு பேர். பீட்டில்ஸ் குழு. 1960-களில் அவர்கள் பெயரைக் கேட்காத நாடு இல்லை. நம் அப்பாக்களில் சிலர் அவர்களைப் பார்த்து நெற்றியில் முடி வளர்த்துத் தாத்தாவிடம் உதை வாங்கியிருப்பார்கள்! 1970 ஏப்ரல் 10-ஆம் தேதி, பால் மெக்கார்ட்னி குழுவிலிருந்து பிரிந்தார் என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. உலகமே அவரைத் திட்டியது. உண்மையில் ஜான் லெனன் அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, 1969 செப்டம்பரில், நான் போகிறேன் என்று உள்ளே சொல்லிவிட்டார். அதை வெளியே விடாமல் மூடி வைத்திருந்தார்கள். வாய் திறந்தவர் பால் என்பதால் பழி அவர் தலையில் விழுந்தது.

நம் ஊர்க் குழுக்களிலும் இதைப் பார்க்கலாம். பிளவு எப்போதோ நடந்து முடிந்திருக்கும். கடைசியில் சொன்னவர்தான் 'குழுவை உடைத்தவர்' என்று பெயர் வாங்குவார்.

அப்போது பாலுக்கு 27 வயது. பணம் இருந்தது, புகழ் இருந்தது. ஆனால் காலையில் எழுந்தால் போவதற்கு வேலை இல்லை. ஸ்காட்லாந்தில் கின்டயர் என்ற தீபகற்பத்தில் அவருக்கு ஒரு பழைய பண்ணை வீடு இருந்தது. மனைவி லிண்டா, குழந்தைகளோடு அங்கே போய் அடைந்துகொண்டார். படுக்கையை விட்டு எழவில்லை, குடித்தேன், என்னால் எதற்கும் பயனில்லை என்று நினைத்தேன் என்று பின்னாளில் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உலகத்தின் மிகப் பெரிய குழுவில் பாதிப் பாட்டு எழுதிய மனிதர், இனிமேல் நான் பாட்டு எழுத முடியுமா என்று சந்தேகப்பட்டார். அண்ணனும் கட்டிலுக்கு அடியில் கீபோர்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு ஒன்றும் வாசிக்கத் தெரியாதும்மா. எட்டுப் பேர் சத்தத்தில் தெரிந்த மாதிரி இருந்தது" என்று சொன்னார். கூட்டத்தில் நீண்ட நாள் இருந்துவிட்டால், நம்முடைய பங்கு எது, மற்றவர் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடுகிறது.

பால் முதலில் செய்த காரியம் மிகச் சிறியது. லண்டன் வீட்டில் நான்கு தடம் பதிவு செய்யும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, கிட்டார், பேஸ், டிரம், பியானோ எல்லாவற்றையும் தானே வாசித்துப் பதிவு செய்தார். கூடச் சேர்ந்து பாடியவர் லிண்டா மட்டும். 1970 ஏப்ரலில் வந்த அந்தத் தொகுப்புக்குத் தன் குடும்பப் பெயரையே வைத்தார். அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. ஆனால் விமர்சகர்கள், இது என்ன அரைகுறை வேலை என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு கணவன் மனைவி இருவர் பெயரிலும் 'ராம்' வந்தது. அதையும் கிழித்தார்கள். அன்றைக்குத் திட்டு வாங்கிய அந்த 'ராம்' இன்று அவருடைய சிறந்த தொகுப்புகளில் ஒன்று என்று சொல்பவர்கள் நிறைய. இதை அண்ணனிடம் சொன்னபோது, "ஐம்பது வருஷம் கழிச்சுப் பாராட்டினா யாருக்கு லாபம்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

நடுவில் வழக்கும் உண்டு. 1970 டிசம்பர் 31-ஆம் தேதி, தன் மூன்று நண்பர்கள் மேலேயே பால் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கூட்டுத் தொழிலைக் கலைக்க வேண்டும் என்பது கோரிக்கை. மற்ற மூவரும் ஆலன் கிளைன் என்ற நிர்வாகியை நம்பினார்கள். பாலுக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. கிளைனைத் தனியாக வழக்குக்கு இழுக்க வழி இல்லாததால் நண்பர்களை இழுக்க வேண்டியதாயிற்று. 1971 மார்ச்சில் நீதிமன்றம் கணக்கு வழக்கைப் பார்க்க ஒரு பொறுப்பாளரை நியமித்தது. ஒருவர் மேல் ஒருவர் குத்திக் காட்டிப் பாட்டும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன். பிரிந்த எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான்.

வேனில் ஏறிய கதை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான்.

1971-இல் பால் புதிய குழு ஒன்றைத் தொடங்கினார். பெயர் விங்ஸ். மூடி புளூஸ் குழுவில் முன்பு இருந்த டென்னி லெய்ன் கிட்டார். டென்னி சைவெல் டிரம். கீபோர்டுக்கு யார்? லிண்டா! அவர் புகைப்படக் கலைஞர். இசை படித்தவர் அல்லர். கணவன் சொல்லிக் கொடுக்க, விரல் வைத்து அப்போதுதான் பழகினார். பத்திரிகைகள் கேலி செய்யாத நாள் இல்லை. உலகத்தில் எந்த வாத்தியக்காரரைக் கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பார். ஆனால் பாலுக்கு அந்த நேரத்தில் வேண்டியது பக்கத்தில் நின்று தைரியம் சொல்கிற ஆள். வாசிப்பு அதற்குப் பிறகு. இதைத் தவறு என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். விங்ஸின் முதல் தொகுப்பு ஏறக்குறைய ஒரே வாரத்தில் பதிவு செய்யப்பட்டு, எடுபடாமல் போனது என்பதையும் மறைக்க மாட்டேன்.

1972 பிப்ரவரி. பால், லிண்டா, குழந்தைகள், நாய்கள், வாத்தியக்காரர்கள் எல்லாரும் வேனில் ஏறினார்கள். விளம்பரம் கிடையாது, முன்பதிவு கிடையாது. வழியில் தெரிகிற பல்கலைக்கழகத்தில் வேனை நிறுத்தி, மாணவர் சங்கத்தில் போய், "நாளைக்கு இங்கே வாசிக்கலாமா?" என்று கேட்பார்கள். மாணவர்கள் நம்ப மாட்டார்கள். வேனுக்கு வந்து எட்டிப் பார்த்தால் உள்ளே பால் மெக்கார்ட்னி உட்கார்ந்திருப்பார். பிப்ரவரி 9-ஆம் தேதி நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முதல் நிகழ்ச்சி. கட்டணம் அரைப் பவுன் அளவுதான். கைவசம் பாட்டு போதாமல் சிலவற்றை இரண்டு முறை வாசித்தார்கள். முடிந்ததும் வசூலான சில்லறையை எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விளையாட்டரங்கத்தில் 50,000 பேர் முன் பாடியவர், கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சில நூறு பேர் முன் நிற்கிறார். அந்தச் சுற்றுப்பயணத்தில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூட அவர் பாடவில்லை. கூட்டம் அதைத்தான் எதிர்பார்க்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒன்றைப் பாடிவிட்டால் அடுத்ததைக் கேட்பார்கள், அதன் பிறகு புதுப் பாட்டுக்கு இடமே இருக்காது என்பதும் தெரியும். 1975-இல் பெரிய சுற்றுப்பயணம் கிளம்பும்போதுதான் பழைய பாட்டில் ஐந்தை எடுத்து நடுவில் வைத்தார். அதற்குள் விங்ஸுக்கென்று கைதட்டல் வாங்கும் பாட்டுகள் சேர்ந்துவிட்டன.

நம் ஊர் மேடையில் இது நடக்குமா என்று கேட்கலாம். கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் மாமா துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுப்பார். அதைப் பாடாவிட்டால் மிச்சப் பணம் கைக்கு வராது. புரிகிறது. அதனால்தான் புதிய வழி தேடும்போது அந்த மேடையிலேயே தேட முடியாது என்கிறேன். சோற்றுக்கு ஒரு மேடை, தேடுவதற்கு வேறொரு மூலை. பால் அந்த மூலையைக் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் கண்டுபிடித்தார்.

1973-இல் இன்னொரு சோதனை. புதிய தொகுப்பைப் பதிவு செய்ய நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக்குப் போவதாகத் திட்டம். கிளம்புகிற சமயத்தில் டிரம் வாசிப்பவரும் ஒரு கிட்டார்க்காரரும் விலகிவிட்டார்கள். பால், லிண்டா, டென்னி லெய்ன் மூவர் மட்டும் போனார்கள். ஒலிப்பதிவுக்கூடம் போதிய வசதி இல்லாதது. ஓர் இரவு நடந்து வரும்போது கத்தியைக் காட்டி வழிப்பறி செய்தார்கள். பணத்தோடு, பாட்டு எழுதிய நோட்டும் மாதிரிப் பதிவு நாடாக்களும் போய்விட்டன. ஞாபகத்தில் இருந்ததை வைத்துப் பாட்டுகளை மறுபடி கட்டினார். டிரம்மையும் தானே அடித்தார். அப்படி உருவானதுதான் 'பேண்ட் ஆன் தி ரன்'. அவர் தனியே வந்த பிறகு விமர்சகர்களும் மக்களும் ஒன்றாகக் கொண்டாடிய முதல் தொகுப்பு அது. குழு கலைந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த நான்கு ஆண்டுக் கணக்கை நான் அண்ணனிடம் அடிக்கடி சொல்வேன். கையில் பணமும் உலகப் புகழும் இருந்தவருக்கே நான்கு ஆண்டு!

இரண்டாவது வரிசையில் நின்றவர்

பாலை விட, ஜார்ஜ் ஹாரிசன்தான் நம் வாத்தியக்காரர்களுக்குப் பொருத்தமான ஆள் என்பது என் கருத்து. பீட்டில்ஸில் பாட்டு எழுதுவது பெரும்பாலும் ஜானும் பாலும். ஜார்ஜுக்கு ஒரு தொகுப்பில் ஒன்றிரண்டு இடம் கிடைக்கும். அவர் எழுதிய மற்ற பாட்டுகள் மேசை இழுப்பறையில் தூங்கின. 1966-இல் எழுதிய பாட்டுக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. குழு கலைந்ததும் 1970 நவம்பரில் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' வெளியிட்டார். அணை உடைந்த மாதிரி! தலைப்புப் பாட்டையே பீட்டில்ஸ் 1969 ஜனவரியில் ஒத்திகை பார்த்துவிட்டு ஒதுக்கிய பாட்டுதான். குழு கலைவது ஒருவருக்குச் சாவு மாதிரி இருக்கும். பின்வரிசையில் நிற்கிறவருக்கு அதுவே சன்னல் திறந்த மாதிரி இருக்கலாம்.

அவருடைய கிட்டார் கதை இன்னும் சுவையானது. ஜார்ஜ் 1966-இல் பண்டிட் ரவிசங்கரிடம் சித்தார் கற்கத் தொடங்கி, அதற்காக இந்தியாவுக்கும் வந்தார். இரண்டு ஆண்டு பாடுபட்ட பிறகு ஓர் உண்மை தெரிந்தது. குழந்தையிலிருந்து பழகியவர்களோடு தன்னால் போட்டி போட முடியாது. சித்தாரைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டாருக்குத் திரும்பினார். ஆனால் பழைய மாதிரி வாசிக்கவில்லை. விரலில் குழாய் மாட்டிக்கொண்டு நரம்பின் மேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைட் முறையை, 1969 டிசம்பரில் வேறொரு குழுவோடு சுற்றுப்பயணம் போனபோது பிடித்துக்கொண்டார். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போவது சித்தாரில் 'மீண்ட்'. நம் கர்நாடக இசையில் 'ஜாரு' என்போம். தோற்றுப் போனதாக நினைத்த சித்தார்ப் படிப்பு, கிட்டார் வழியாகத் திரும்பி வந்தது. 1970-க்குப் பிறகு இரண்டு சுரம் கேட்டாலே இது ஜார்ஜ் என்று சொல்லிவிடலாம். 1971 ஆகஸ்டு 1-ஆம் தேதி, ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால் வங்காளதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி நடத்தியவரும் இவரே. அடுத்து வந்த பல நிதி திரட்டும் பெருநிகழ்ச்சிகளுக்கு அதுதான் முன்னோடி.

தனியாக நிற்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அந்தத் தொகுப்பில் ஜார்ஜுக்கு மிகப் பெரிய வெற்றி தந்த பாட்டின் மெட்டு, 1963-இல் வந்த வேறொரு பாட்டைப் போல இருக்கிறது என்று வழக்கு வந்தது. அவர் தெரிந்து செய்யவில்லை, ஆழ்மனத்தில் இருந்தது அப்படி வந்துவிட்டது என்று 1976-இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தீர்ப்பு அவருக்கு எதிராகத்தான். குழுவில் இருந்திருந்தால், "டேய், இது அந்தப் பாட்டு மாதிரி இருக்கே" என்று ஒருவராவது சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிந்த பிறகும் அப்படிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ரிங்கோ ஸ்டாரைப் பற்றி இரண்டு வரி. அவர் டிரம் வாசிப்பவர், பெரிய பாட்டாசிரியர் அல்லர். முதலில் தன் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் பாடினார். பிறகு அமெரிக்காவின் நாஷ்வில் போய் நாட்டுப்புறப் பாணியில் ஒரு தொகுப்பு. எல்லாம் ஒரே ஆண்டில், 1970-இல். அதற்கும் மேலே, ஜான் தொகுப்புக்கும் வாசித்தார், ஜார்ஜ் தொகுப்புக்கும் வாசித்தார். நீதிமன்றச் சண்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரியவில்லை. அதனால்தான் 1973-இல் அவர் ஒரு தொகுப்பு போட்டபோது மற்ற மூன்று பேருமே பாட்டுக் கொடுத்தார்கள். ஒரே தொகுப்பில் நால்வரும்!

நம் வீட்டுக் கதைகள்

வெள்ளைக்காரன் கதையையே சொல்கிறாயே என்று கேட்பீர்கள். நம் திரையிசையில் விசுவநாதன் – ராமமூர்த்தி இல்லையா? 1952-இல் 'பணம்' படத்தில் சேர்ந்து, 13 ஆண்டு இணைந்திருந்து, 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். எம்.எஸ்.வி.யின் பயணம் இன்னும் நூற்றுக்கணக்கான படங்களுக்கு நீண்டது. டி.கே.ராமமூர்த்தி 'சாது மிரண்டால்', 'தேன் மழை' போன்ற சில படங்களோடு மெல்ல ஒதுங்கிவிட்டார். வயலினில் அவருக்கு இருந்த ஞானத்தை யாரும் குறைத்துச் சொன்னதில்லை. மறுபடி சேர்ந்தது 1995-இல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு. அப்போது முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. திறமை இருந்தால் எல்லாருக்கும் புதுப் பாதை கிடைக்கும் என்று நான் பொய் சொல்லத் தயாராக இல்லை.

நம் நாட்டில் பினாங்கு அல்லிகேட்ஸ். ஆறுமுகம் சகோதரர்கள் ஹாங்காங் வரை போய் ஆங்கிலப் பாட்டு வாசித்துப் பிழைத்து, 1970-களின் கடைசியில் மலாய்ப் பாட்டுக்கு வந்தவர்கள். மொழியையே மாற்றிக்கொண்டது எவ்வளவு பெரிய திருப்பம்! அந்த மலாய்ப் பாட்டுகளைத்தான் இன்று நாடே பாடுகிறது. 2007-இல் தம்பி லோகநாதன் மறைந்தார். அது கலைப்பு அன்று, இழப்பு. அண்ணன் டேவிட் ஆறுமுகம் அதே பெயரில் தொடர்ந்து மேடை ஏறினார். பக்கத்தில் அந்தக் குரல் இல்லாமல் முதல் முறை எப்படிப் பாடியிருப்பார் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

டிரான்ஸ்போஸ் பட்டன்

என் அண்ணனிடம் வருகிறேன். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அவரும் மேடைக்குப் போனார், தனியாக. பென் டிரைவில் மைனஸ் ஒன் போட்டுவிட்டு, அதன் மேல் கீபோர்டு வாசிப்பது. ஓர் ஆளுக்கு 400 வெள்ளி. இரண்டு மாதம் செய்தார். "வாசிக்கிற மாதிரி நடிக்கிறேன்ம்மா. நான் நிறுத்தினாலும் பாட்டு ஓடுது" என்று சொல்லிவிட்டு அதையும் நிறுத்தினார்.

எங்கள் தாமானில் ஒரு கோவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு. ஆர்மோனியம் வாசித்த பெரியவருக்கு உடம்பு முடியவில்லை. ஆசிரியை அண்ணனைக் கேட்டார். 17 வருஷம் கீபோர்டு வாசித்தவர், ஆர்மோனியம் என்ன பெரிய விஷயம் என்று போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் நாலரைக் கட்டையில் எடுத்தார்கள். அண்ணனுக்குக் கை ஓடவில்லை!

காரணத்தை வாத்தியக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. எந்தப் பாட்டானாலும் பழகிய ஒரே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, பட்டனை அமுக்கினால் சுருதி தானாக மாறும். அண்ணன் 17 வருஷமும் அப்படித்தான் வாசித்திருக்கிறார். ஆர்மோனியத்தில் பட்டன் இல்லை, விரல்தான் மாற வேண்டும். தாளம் போடும் பெட்டியும் இல்லை. ஜால்ரா தட்டுகிற பத்து வயதுப் பையன் வேகமாகப் போனால் இவரும் போக வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் யாரிடமோ பழைய ஆர்மோனியம் ஒன்று வாங்கி வந்தார். ஒரு கட்டை ஒட்டிக்கொள்ளும், துருத்தியில் ஓட்டை. டேப் போட்டு ஒட்டினார். 46 வயதில் காலை ஐந்தரை மணிக்கு, வேலைக்குப் போவதற்கு முன்னால், ஒவ்வொரு கட்டையாக மாற்றி மாற்றி ஸரிகம வாசிக்க ஆரம்பித்தார். அண்ணி தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு தூங்குவார்.

இது மூன்றாவது ஆண்டு. இப்போது பிள்ளைகள் எங்கே எடுத்தாலும் பின்னால் போகிறார். பாடுகிற பிள்ளை மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் நிறுத்துகிறார். குழுவில் இருந்தபோது பாடகரின் மூச்சை அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சில தேவாரங்களுக்கு இரண்டு தாளக் கருவி மட்டும் வைத்துத் தானே பின்னணி அமைத்துக் கைப்பேசியில் பதிவு செய்கிறார். எனக்கு அனுப்புகிறார். சில நன்றாக இருக்கின்றன, சில இல்லை. இப்போது நான் "ம்... ம்..." என்று சொல்வதில்லை. எது நன்றாக இல்லையோ அதைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை இரண்டு வாரம் என்னோடு பேசாமல் இருந்தார்.

இங்கே குழு நடத்தும் தம்பி தங்கைகள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் யாருடையது, யார் விலகினால் பெயரைப் பயன்படுத்தலாம், ஸ்பீக்கர் மிக்சர் யார் பணத்தில் வாங்கியது, சொந்தமாகப் போட்ட பாட்டுக்கு யார் யார் பெயர் என்று எழுதுங்கள். இப்படிக் கேட்டால் நண்பன் தவறாக நினைப்பானோ என்று கூச்சமாக இருக்கும். உலகப் புகழ் பெற்ற நான்கு பேரே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. எங்கள் அண்ணன் குழுவில் அப்படி ஒரு தாள் இல்லை. அதனால் இன்றைக்கும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் அண்ணன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் துணி போர்த்தி நிற்கின்றன. அவற்றுக்கு உரிய மிக்சர் பாடகர் வீட்டில் இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது சத்தம் போடாது. பெயர் யாரிடமும் இல்லை. இருவருமே அதைப் பயன்படுத்துவதில்லை.

பால் மெக்கார்ட்னி பற்றிச் சொல்ல ஒன்றை விட்டுவிட்டேன். 1977-இல் அவர் ஒரு பாட்டு வெளியிட்டார். எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்தாரே, அந்தக் கின்டயரைப் பற்றித்தான். பக்கத்து ஊர்க்காரர்களின் பைக்குழல் வாத்தியக் குழுவைக் கூப்பிட்டு, அந்தப் பண்ணையிலேயே பதிவு செய்தார். பிரிட்டனில் இருபது லட்சம் பிரதிக்கு மேல் விற்ற முதல் தனிப்பாட்டு அது. பீட்டில்ஸின் எந்த ஒற்றைப் பாட்டும் அந்த நாட்டில் அவ்வளவு விற்றதில்லை. லண்டன் பத்திரிகைகளில் ராக் இசை, பங்க் இசை என்று தூள் பறந்துகொண்டிருந்த ஆண்டில், கிராமத்து ஆட்களோடு சேர்ந்து ஊதிய பாட்டு!

வரும் தைப்பூசத்துக்குக் கோவில் பந்தலில் தேவாரப் பிள்ளைகள் அரை மணி நேரம் பாட வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. அண்ணன் ஒப்புக்கொண்டார். பந்தல் பெரியது, கூட்டம் நிறைய வரும். ஸ்பீக்கர் இருக்கிறது. மிக்சர் வேண்டும். வாடகைக்கு எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து ஒரு பெயரைத் தேடி, பார்த்துவிட்டு, மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த எண்ணை அவர் இன்னும் அழிக்கவில்லை.

இன்றைக்கு இந்த நிகழ்ச்சியைப் பாடகரும் வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அண்ணே, உங்களுக்கும் வணக்கம்.